இரண்டு பக்கமும் திறக்கிற டிஸ்க்

கை நீட்டினால் கை தெரியாத கலங்கல் தண்ணீரில், ஆற்றின் அடித்தரையில் எதைக் கண்டும் பயப்படாத ஒரு மனிதர், பாலங்கள் துறையின் வராந்தாவில் வியர்த்து விறுவிறுத்து நின்றார் என்றால் அதில் அவர் தப்பு ஒன்றுமில்லை. அந்த வராந்தாவில் நிற்கிற யாருக்கும் வியர்க்கும். அங்கே மின்விசிறி எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பது இன்னும் முடிவாகவில்லை.

தெருவில் அவரை எல்லோரும் முங்கி என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் முங்கி, பாலத்தின் கால்களைத் தடவிப் பார்த்துப் படம் எடுத்துக் கொடுப்பது அவர் தொழில். பேச்சுக் குறைவு. தண்ணீருக்குள் வாயைத் திறக்க முடியாது என்பதால் வெளியிலும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் அவர் மனைவி பேசிவிடுவாள். அவள் பேருந்து ஓட்டுநர். பதினெட்டு வருஷமாக ஒரு கீறல் இல்லாமல் வண்டி ஓட்டுகிறவள்.

பழுதுபார்க்கிறோம் என்று எட்டு மாதமாக மூடி வைத்திருந்த ஆற்றுப்பாலத்தைத் திங்கட்கிழமை திறப்பதாக இருந்தது. அதற்கு முன் கடைசியாக ஒருமுறை முங்கிப் படம் எடுக்கச் சொன்னார்கள். முங்கி எடுத்தார். பதினொரு மணி நேரப் படம். அதில் ஏழாவது மணியில், மூன்றாவது காலுக்கு அடியில், மண் அரித்துப்போய் ஒரு பொந்து. தோள் வரைக்கும் கையை விட்டுப் பார்த்தார், அடி தட்டவில்லை. டார்ச்சை உள்ளே பிடித்தார், வெளிச்சம் மறுபக்கம் வந்தது. கால் என்று பெயருக்கு நின்றுகொண்டிருந்ததே தவிர, எதன் மேல் நிற்கிறது என்று அந்தக் காலுக்கே தெரியாது. அந்தப் பாலத்தின் மேல் திங்கட்கிழமை முதலில் போகவிருந்த வண்டி அவர் மனைவி ஓட்டும் பேருந்து.

கரைக்கு வந்ததும் துறை ஆட்கள் கேமராவின் கார்டை வாங்கி, படத்தைத் துறையின் ஹார்டு டிஸ்க் ஒன்றில் ஏற்றி, கார்டை அவர் கண்ணெதிரிலேயே அழித்தார்கள். 'என்னிடம் நகல் எதுவும் இல்லை' என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். மறுநாளே ஆற்றில் வெள்ளம் வந்தது. இனி தண்ணீர் வடிய இரண்டு மாதமாகும், அதுவரை யாரும் இறங்க முடியாது. பொந்தைப் பார்த்தது உலகத்தில் இரண்டே பேர்: ஒன்று முங்கி, இன்னொன்று அந்த டிஸ்க்.

பாலங்கள் துறை ஒரே கட்டடம்தான். வாசல் ஒன்று, மாடிப்படி ஒன்று. வராந்தாவுக்கு இடது கைப்பக்கம் ஆய்வுப் பிரிவு, வலது கைப்பக்கம் ஒப்புதல் பிரிவு. ஆய்வுப் பிரிவில் அத்தனை பேருக்கும் மேக் கணினி, ஒப்புதல் பிரிவில் அத்தனை பேருக்கும் விண்டோஸ். யார், எப்போது, எதற்காக இப்படி வாங்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. கேட்ட ஓரிருவர் மாற்றலாகிப் போயிருந்தார்கள். ஒரு காலத்தில் இரண்டு பக்கத்தையும் இணைத்து நெட்வொர்க் கம்பி இருந்தது. அதன் வழியாக எதிர்ப்பக்கத்துக்காரர்கள் எட்டிப் பார்க்கிறார்கள் என்று இரண்டு பிரிவும் ஒரே நாளில் புகார் கொடுத்து, ஒரே நாளில் ஆளுக்கொரு முனையில் வெட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் எது போவதானாலும் டிஸ்க்கில்தான் போக வேண்டும். இரண்டு பிரிவும் அதே டிஸ்க்கைத் திறந்து, அதே டிஸ்க்குக்குள் தங்கள் குறிப்பை எழுதினால்தான் செல்லும். ஆனால் ஒரு பிரிவுக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனால் கட்சி மாறிவிட்டார் என்று பேச்சு வரும். ஆகவே வெளியாள்தான் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். மொத்தம் நாற்பது அடி தூரம்.

செவ்வாய்க்கிழமை காலை ஆய்வுப் பிரிவின் தலைவர் டிஸ்க்கை வெள்ளைக் கையுறை போட்ட கையால் எடுத்து முங்கியிடம் நீட்டினார். அந்தப் பிரிவில் எல்லோரும் கையுறைதான். கணினியில் ரேகை படக் கூடாதாம்.

"சார், மூணாவது கால்ல பொந்து இருக்கே, பாத்தீங்களா?" என்று முங்கி கேட்டார்.

"எத்தனை மணி நேரம் ஓடுதுன்னு பாத்தோம். ஓடுது. உள்ள என்ன ஓடுதுங்கிறது எங்க வேலை இல்லைங்க. அதை ஒப்புதல் பிரிவுல பாப்பாங்க."

"நான் நேர்ல பாத்தேன் சார். கையை விட்டேன்."

தலைவர் முங்கியின் கையை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "நீங்க பாத்தது உங்க அபிப்பிராயம். டிஸ்க் பாத்ததுதான் ஆதாரம்" என்றார்.

முங்கி நாற்பது அடி நடந்தார். ஒப்புதல் அதிகாரி கனமான மனிதர். மேசை மேல் ஏழு ரப்பர் ஸ்டாம்புகளைப் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார். டிஸ்க்கை வாங்கி வயரைச் செருகினார். மேக்குக்காகத் தயாரித்த டிஸ்க் விண்டோஸுக்குப் பிடிபடாது. பிடிபடாததை அது ஒப்புக்கொள்ளவும் செய்யாது. 'இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும். செய்யலாமா?' என்று திரையில் ஒரு கேள்வி வந்தது. அதிகாரி கொட்டாவி விட்டபடியே மவுஸை நகர்த்தினார்.

முங்கி பாய்ந்து வயரைப் பிடுங்கிவிட்டார். "சார்! ஃபார்மேட் பண்ணா எல்லாம் அழிஞ்சிடும் சார்!"

அதிகாரி கொட்டாவியை முடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அது கேக்குதுங்க. கேட்டா ஆமான்னு சொல்றதுதான் இங்க வழக்கம். முன்னாடி ஒருத்தர் வேண்டாம்னு அமுக்கினார். ஏன் வேண்டாம்னு பதினோரு வருஷம் விளக்கம் கேட்டாங்க. பாவம், விளக்கம் சொல்லிக்கிட்டே ரிட்டயர் ஆனார். ஆமான்னு சொன்னவங்ககிட்ட இதுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்ல."

முங்கி அப்போதுதான் கவனித்தார். எல்லாத் திரைகளிலும் 'வேண்டாம்' என்ற பொத்தான் வருகிற இடத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது.

"அப்போ அந்தப் பக்கத்துலேருந்து வந்த மத்த டிஸ்க்கெல்லாம்...?"

"எல்லாம் இப்படித்தான். ஃபார்மேட் பண்ணதும் அருமையா திறக்கும். நாப்பத்திரண்டு பாலம் வந்திருக்கு, ஒண்ணுலகூட ஒரு குறை கிடையாது" என்று சொன்னவர், கண்ணைச் சுருக்கினார். "ஆமா, அழிச்சுடுவாங்கன்னு இவ்வளவு பதறுறீங்களே, அப்படி என்ன இருக்கு உங்க டிஸ்க்குல?"

"பொந்து சார். படத்துல பொந்து இருக்கு."

அதிகாரி பேனாவை எடுத்துக் கோப்பில் 'பதறினார்' என்று மட்டும் எழுதிக்கொண்டார். பிறகு ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். எங்கள் கணினிக்குப் புரிகிற மாதிரி டிஸ்க்கை மாற்றிக்கொண்டு வரலாம் என்று அதில் அனுமதி இருந்தது. முங்கி சீட்டை வாங்கிக்கொண்டு, அந்த நாற்பத்திரண்டு பாலங்களில் தான் எத்தனையைத் தினமும் கடக்கிறோம் என்று எண்ணிக்கொண்டே படி இறங்கினார். ஐந்துக்கு மேல் எண்ணத் தைரியம் வரவில்லை.

மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, கடைத்தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். கல்யாண வயதில் மகள் இருக்கிறாள். இருந்தும் அக்கா முன்னால் இன்னும் உட்கார மாட்டான். முங்கி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"மாமா, இது ஒரு பெரிய விஷயமே இல்ல. படத்தை எடுத்து என் கம்ப்யூட்டர்ல வச்சுக்கிட்டு, டிஸ்க்கை விண்டோஸுக்கு மாத்திட்டு, திருப்பி உள்ள போட்டுடலாம். நேரம்தான் ஆகும்."

நேரம் ஆயிற்று. புதன்கிழமை முழுக்கப் போயிற்று. வியாழன் காலை முங்கி டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போனபோது ஒப்புதல் அதிகாரியின் கணினி ஒரு கேள்வியும் கேட்காமல் அதைத் திறந்தது. கேள்வி வராததே அதிகாரிக்குப் பிடிக்கவில்லை.

"ஏன் ஒண்ணும் கேக்கல?" என்றார்.

"மாத்தியாச்சு சார்."

அதிகாரி இரண்டு நிமிடம் படத்தை ஓட்டினார். பச்சைத் தண்ணீர் ஆடியது. "இது தண்ணி" என்றார். "இதுக்குள்ள ஆய்வுப் பிரிவோட குறிப்பு இல்லையே. அவங்க எழுதினாதான் நான் எழுத முடியும். எழுதி வாங்கிட்டு வாங்க."

மறுபடி நாற்பது அடி. ஆய்வுப் பிரிவில் டிஸ்க் திறந்தது. படம் ஓடியது. ஆனால் தலைவர் குறிப்பு எழுதப் போனால் எழுத்து ஏறவில்லை. விண்டோஸுக்காக மாற்றிய டிஸ்க்கை மேக் படிக்கும், அதில் எழுதாது. தலைவர் கையுறையைக் கழற்றி, வேறு கையுறை மாட்டி, மீண்டும் முயன்றார். பிரிவு முழுக்கக் கூடி நின்று வேடிக்கை பார்த்தது.

"படிக்க விடுது, எழுத விடலை" என்றார் தலைவர், மெதுவாக. "எங்க குறிப்பை வேண்டாங்குது. யார் சொல்லி வேண்டாங்குது?"

"யாரும் சொல்லல சார். அது ஃபார்மேட் அப்படி."

"அந்தப் பக்கம் கொண்டுபோகும்போது நல்லாத்தானே இருந்துது? ரெண்டே நாள் அங்க இருந்துட்டு வந்திருக்கு. வந்ததும் நம்மளை மதிக்க மாட்டேங்குது." சொல்லிவிட்டு, சுற்றி நின்றவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒரு தாள்ல எழுதிக் கொடுங்களேன் சார்."

"தாள்ல எழுதினா யார் வேணும்னாலும் எழுதியிருக்கலாம்னு சொல்லுவாங்க. நான் எழுதினேன்னு நானே நம்ப மாட்டேன்."

அன்று சாயங்காலம் முங்கி வீட்டுக்குப் போனபோது மனைவி சீருடைச் சட்டையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். திறப்பு விழாவுக்கு எல்லாப் பட்டனும் இருக்க வேண்டும் என்று டிப்போவில் சொல்லியிருந்தார்கள். முங்கி எதிரில் உட்கார்ந்து, பொந்தை முதன்முறையாக அவளிடம் சொன்னார். கையை நீட்டித் தோள் வரை தொட்டுக் காட்டினார். அவள் ஊசியை அப்படியே நிறுத்தினாள்.

"இதை ஒரு வாரமா உள்ள வச்சுக்கிட்டா உக்காந்திருந்தீங்க?"

"டிஸ்க்கைப் பாத்தா அவங்களே நிறுத்திடுவாங்கன்னு நினைச்சேன். நீ பேசாம திங்கக்கிழமை லீவு போட்டுடு."

"நான் லீவு போட்டா வண்டி நிக்குமா? இன்னொருத்திய ஓட்டச் சொல்லுவாங்க. அவளுக்கும் வீட்ல ஒருத்தர் பேசாம உக்காந்திருப்பாரு. பின்னாடி ஏறுற அம்பது பேருக்கு யாரு லீவு போடுறது?"

ஆற்றின் அடியில் சிலிண்டர் காற்று தீர்ந்துபோன அன்றுகூட முங்கி இப்படிப் பயந்ததில்லை. இவள் இல்லாத வீட்டை ஒரு நொடி நினைத்துப் பார்த்துவிட்டார். நினைத்ததற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு நேரே மச்சினன் கடைக்குப் போனார்.

"ரெண்டு பக்கமும் திறக்கணும். ரெண்டு பக்கமும் எழுதணும். அப்படி ஒண்ணு இருக்கா இல்லையா?"

"இருக்கு மாமா. எக்ஸ்ஃபேட்னு பேரு. மேக்லயும் போகும், விண்டோஸ்லயும் போகும். இதை அவங்களே முதல்ல செஞ்சிருந்தா நீங்க இந்த அலைச்சலே அலைஞ்சிருக்க வேண்டாம். எனக்கு என்னமோ, அவங்களுக்கு இது தெரியாதுன்னு தோணல. வேண்டாம்னு வச்சிருக்காங்க."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, துறையின் வரலாற்றில் முதன்முறையாக, ஒரு டிஸ்க் இடது பக்கமும் திறந்து வலது பக்கமும் திறந்தது. ஆய்வுத் தலைவர் அதில் 'ஓடுகிறது' என்று எழுதினார், எழுத்து ஏறியது. நாற்பது அடி தள்ளி ஒப்புதல் அதிகாரி அதே சொல்லைப் படித்தார். படித்துவிட்டு, டிஸ்க்கைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"சார், ஏழாவது மணி, இருபதாவது நிமிஷம். அதை மட்டும் பாருங்க. ரெண்டு நிமிஷம் போதும்" என்றார் முங்கி.

"ஏழாவது மணிக்கு நேரா போகச் சொல்றீங்க. அப்போ ஆறு மணி நேரத்தை ஏன் பாக்க வேண்டாங்குறீங்க?" என்று அதிகாரி கேட்டார். "முதல்லேருந்து பாப்போம்."

பார்த்தார்கள். பத்து மணிக்கு முதல் காலின் மேல் பாசி வந்தது. பதினொன்றுக்கும் பாசிதான் வந்தது. பன்னிரண்டுக்கு ஒரு மீன் வந்து கேமராவுக்குள் உற்றுப் பார்த்துவிட்டுப் போனது. அதன் அடையாளங்களைக் குறித்துக்கொள்ளச் சொன்னார் அதிகாரி. சாப்பாட்டுக்கு நிறுத்தவில்லை, நிறுத்தினால் அந்த நேரத்தில் யாராவது படத்தை மாற்றிவிடுவார்கள். மூன்று மணிக்கு, ஆறு மணி நேரப் படம் முடிந்து ஏழாவது மணி தொடங்கியது. மூன்றாவது கால் கலங்கலில் மெல்லத் தெரிந்தது. முங்கி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னும் இருபது நிமிஷம்.

பதினெட்டாவது நிமிஷத்தில் கதவு திறந்தது. கண்காணிப்பு அதிகாரி உள்ளே வந்தார். மெல்லிய குரலுடைய அம்மாள்; யாரைப் பார்த்தாலும் முதலில் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுப்பார். அந்தத் தம்ளரை வாங்கியவர்கள் பலர் பிறகு வேலைக்கு வரவில்லை. வந்தவர் திரையைப் பார்க்காமல் கையை நீட்டி வயரைக் கழற்றினார். பிறகு முங்கிக்குத் தண்ணீர் கொடுத்தார்.

"இந்த டிஸ்க் அந்தப் பக்கமும் திறக்குதாமே?"

"ஆமாங்க மேடம்."

"இந்தப் பக்கமும் திறக்குதாமே?"

"ரெண்டு பக்கமும் திறக்குறதுக்குத்தான் மேடம் மாத்தினது."

"நான் இங்க இருபத்தாறு வருஷம் சர்வீஸ். ஆய்வுப் பிரிவு ஆளைப் பாத்திருக்கேன், ஒப்புதல் பிரிவு ஆளைப் பாத்திருக்கேன். ரெண்டு பேரும் நல்லவங்க. ரெண்டு பக்கமும் சகஜமா போய் வர்ற ஆளை மட்டும்தான் சஸ்பெண்ட் பண்ணியிருக்கேன். தண்ணி குடிங்க. யாரு சொல்லிக் கொடுத்தது இதை?"

"என் மச்சினன்தான். கடைத்தெருவுல ரிப்பேர் கடை."

சொன்னபிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று முங்கிக்கு உறைத்தது. அரை மணி நேரத்தில் கடையின் கம்ப்யூட்டரைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்துவிட்டார்கள். பின்னாலேயே மச்சினனும் ஓடிவந்தான். அதில் படத்தின் ஒரே நகல் இருந்தது. கூடவே ஊரார் ரிப்பேருக்குக் கொடுத்த கம்ப்யூட்டர்களிலிருந்து எடுத்து வைத்த அத்தனை புகைப்படங்களும் இருந்தன.

"மேடம், பதினெட்டு நிமிஷம் ஓடிடுச்சு. இன்னும் ரெண்டே நிமிஷம். அதைப் பாத்துட்டு என்னை என்ன வேணும்னாலும் பண்ணுங்க" என்று முங்கி கும்பிட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "முதல் வண்டி என் பொண்டாட்டி ஓட்டுறா மேடம்."

அந்த அம்மாள் இதையும் எழுதிக்கொண்டார். "அப்போ இதுல உங்க குடும்பத்துக்குச் சம்பந்தம் இருக்கு" என்றார்.

சனிக்கிழமை காலை அதிகாரிகள் மூவரும் கூட்டுக்குழுவாக அமர்ந்தார்கள். எந்தப் பக்கத்து அறையில் உட்காருவது என்று முடிவாகாததால் வராந்தாவிலேயே மேசை போட்டார்கள். இடது ஓரத்தில் ஒரு மேக், வலது ஓரத்தில் ஒரு விண்டோஸ், நடுவில் டிஸ்க். முங்கியையும் மச்சினனையும் ஓரமாக நிற்க வைத்தார்கள்.

கண்காணிப்பு அதிகாரி எழுந்து பேசினார். "நாங்க இந்த டிஸ்க்கைச் சந்தேகப்படலை. சந்தேகப்பட்டா அதுக்குள்ள என்ன இருக்குன்னு பாத்திருப்போம். பாக்காததே எங்க நம்பிக்கைக்கு அடையாளம். நாளைக்கு யாரும் சந்தேகப்படக் கூடாதுன்னுதான் இதைச் சுத்தம் பண்றோம். சுத்தமா இருக்கிற டிஸ்க்கை யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

"ஆனா அந்த எக்ஸ்ஃபேட்டு நல்லாத்தான் இருக்கு" என்றார் ஆய்வுத் தலைவர். "எழுத விடுது."

"கேள்வியும் கேக்கல. சுத்தம் பண்ணும்போது மறுபடி அதே மாதிரி பண்ணிடலாம்" என்றார் ஒப்புதல் அதிகாரி.

முப்பது வருஷத்தில் இரண்டு பிரிவும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. 'நிச்சயமாகவா?' என்று கணினி கேட்டது. ஒப்புதல் அதிகாரி வழக்கப்படி ஆமாம் என்று சொன்னார். பதினொரு மணி நேரத்து ஆறு பதினொரு நொடிகூட எடுக்காமல் போய்விட்டது. அடுத்து, சாக்கைப் பிரித்து மச்சினனின் கம்ப்யூட்டரையும் அப்படியே துடைத்தார்கள். அவன் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பிறகு டிஸ்க்கை மேக்கில் செருகினார்கள், திறந்தது. விண்டோஸில் செருகினார்கள், அங்கேயும் திறந்தது. இரண்டு திரையிலும் ஒரே வெள்ளை. ஆய்வுத் தலைவர் குனிந்து நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, 'குறை எதுவும் காணப்படவில்லை' என்று எழுதினார். ஒப்புதல் அதிகாரி அதைப் படித்து, 'எதுவும் காணப்படவில்லை என்பதை நானும் கண்டேன்' என்று எழுதினார். கண்காணிப்பு அதிகாரி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, வித்தியாசம் இல்லை என்று உறுதி செய்தார். பாலத்துக்குச் சான்றிதழ் தயாரானது. முங்கிக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை முங்கி நாளிதழ் அலுவலகம் ஒன்றில் ஏறி இறங்கினார். ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றார். டிப்போ மேலாளரிடம் போனார். சான்றிதழ் இருக்கிறதே என்றார் அவர். வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, "நீ ஓட்டுறதா இருந்தா நானும் ஏறுறேன். நீ மட்டும் போக வேண்டாம்" என்றார்.

"நீங்க ஏறி என்ன ஆகப்போகுது? ஏற வேண்டியவங்க வேற" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள்.

திங்கட்கிழமை பாலத்தின் முகப்பில் பந்தல், நாற்காலி, மைக், குறுக்கே ஒரு ரிப்பன். கூட்டம் நன்றாகவே சேர்ந்திருந்தது. அச்சடித்த நிகழ்ச்சி நிரலை எல்லோர் கையிலும் கொடுத்திருந்தார்கள்: வரவேற்பு, சான்றிதழ் வாசிப்பு, ரிப்பன் வெட்டுதல், பேருந்து நகர்தல், கைதட்டல். அதிகாரிகள் மூவரும் முன்வரிசையில், இரண்டு பிரிவுக்கும் நடுவே கண்காணிப்பு அதிகாரியை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். கீழே ஆறு பழுப்பாகச் சுழித்து ஓடியது. ஒப்புதல் அதிகாரி சான்றிதழைக் கணீரென்று வாசித்தார். ஆய்வுத் தலைவர் கையுறையோடு ரிப்பனை வெட்டினார். எல்லோரும் பேருந்தைப் பார்த்தார்கள்.

பேருந்து நகரவில்லை. முங்கியின் மனைவி எஞ்சினை ஓடவிட்டபடி முன்கதவைத் திறந்து இறங்கி வந்தாள். சீருடையில் எல்லாப் பட்டனும் இருந்தன. முன்வரிசைக்கு வந்து மூவருக்கும் வணக்கம் சொன்னாள்.

"ஏறுங்க சார். ஏறுங்க மேடம். முன் சீட்டு மூணையும் உங்களுக்காகக் காலியா வச்சிருக்கேன்."

"நிகழ்ச்சி நிரல்ல அப்படி இல்லையேம்மா" என்றார் ஒப்புதல் அதிகாரி.

"பாலம் நல்லா இருக்குன்னு நீங்கதானே இப்போ வாசிச்சீங்க? நல்லா இருக்கிற பாலத்துல ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம். என் வீட்டுக்காரர் ஏறி உக்காந்தாச்சு."

கூட்டத்தில் யாரோ 'ஏறுங்க சார்' என்றார்கள். அது பின்வரிசை வரைக்கும் பரவியது. ஒப்புதல் அதிகாரி திரும்பி ஆய்வுத் தலைவரைப் பார்த்தார்.

"ஆய்வு பண்ணது நீங்க. நீங்க முதல்ல ஏறுறதுதான் முறை."

"ஒப்புதல் கொடுத்தது நீங்க சார். உங்களுக்கு முன்னாடி நான் ஏறினா மரியாதையா இருக்காது" என்றார் ஆய்வுத் தலைவர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆமா, அந்தப் படத்தை நீங்க முழுசா பாத்தீங்கதானே?"

"நீங்க பாத்திருப்பீங்கன்னுதானே நான் கையெழுத்துப் போட்டேன்?"

இருவரும் கண்காணிப்பு அதிகாரியைப் பார்த்தார்கள். அந்த அம்மாள் பாலத்தின் கால்களில் மூன்றாவது எது என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

"நான் ஏறினா, நான் எதுக்கு ஏறினேன்னு கேள்வி வரும்" என்றார், வழக்கமான மெல்லிய குரலில். கைப்பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, இந்தத் தடவை தானே குடித்தார்.

முங்கியின் மனைவி அவசரப்படவில்லை. "நீங்க வர்ற வரைக்கும் காத்திருக்கேன். எனக்கு ஷிப்டு ரெண்டு மணி வரைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய், தன் இருக்கையில் ஏறி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முன் சீட்டுக்குப் பின்னால் முங்கி கம்பியைப் பிடித்தபடி இருந்தார். பாலத்தைப் பார்க்கவில்லை, அவள் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறியது. பதினொரு மணிக்கு மூவரும் பந்தலுக்குப் பின்னால் போனார்கள். பன்னிரண்டரைக்கு ஒரே தாளில் மூன்று கையெழுத்தோடு திரும்பினார்கள். ஒப்புதல் அதிகாரி மைக்கைப் பிடித்து வாசித்தார்:

"பாலம் இன்று திறக்கப்பட்டது. பாலம் முழுப் பாதுகாப்புடன் உள்ளது. அந்தப் பாதுகாப்புக்குப் பங்கம் நேராமல் காக்கும் பொருட்டு, மறு உத்தரவு வரும் வரை வாகனங்களோ ஆட்களோ அதன் மேல் செல்ல அனுமதி இல்லை."

முங்கிக்கு முதலில் புரியவில்லை. இன்னொருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். பிறகு கம்பியை விட்டுவிட்டு, படிகளில் தடுமாறி இறங்கி, பேருந்தின் பின்பக்கத்துக்கு ஓடினார். கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கினார். வாழ்நாளில் அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"வரலாம்! வா, வா, வா! இடது பக்கம் ஒடி! வரலாம், வா!"

பேருந்து நகர்ந்தது. நிகழ்ச்சி நிரலில் பேருந்து நகர்ந்ததும் கைதட்டல் என்று போட்டிருந்தது. அதிகாரிகள் மூவரும் எழுந்து நின்று, அது பின்பக்கமாகப் போய்க் கண்ணுக்கு மறையும் வரை கைதட்டினார்கள்.